இருபத்தேழு தாண்டிருச்சுங்க

"தாண்டிருச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது, பக்கத்தில் நின்று வேறு யாரோ சொன்ன மாதிரி. போட்டி நடத்துகிற கௌசிக் தம்பி கேட்டது சின்னக் கேள்விதான். "கலாக்கா, இருபத்தேழாம் நம்பர் உங்க எடத்தத் தாண்டியாச்சா? மேல டவர்கிட்ட இன்னும் வரல. ஓவர்." "தாண்டிருச்சுங்க." "எத்தன மணிக்குங்க்கா?" "எட்டரை இருக்குமுங்க." "சரிங்க்கா, அப்ப தேக்கங்காட்டுக்குள்ளதான் எங்கயோ நின்னுட்டாங்க. ரெண்டு பசங்கள மேல அனுப்பறேன்." வாக்கி டாக்கி கரகரவென்று இரைந்துவிட்டு அடங்கிப் போனது. இப்போது மணி ஒன்பதுக்குப் பத்து நிமிஷம். நான் நிற்கிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது கைப்பக்கம் போனால் பழைய மரவண்டித் தடம், தேக்கங்காட்டுக்குள் ஏறி மேலே டவருக்குப் போகும். போட்டிக்காரர்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் போகவேண்டும், அதற்குத்தான் கையில் கொடியைக் கொடுத்து என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். இடது கைப்பக்கம் வாய்க்கால் கரை. இரண்டு கிலோமீட்டர் வாய்க்காலை ஒட்டியே போய், வாய்க்கால் மலைக்குள் நுழைகிற சுரங்க வாயில் முடிந்துவிடும், அதற்குமேல் வழி கிடையாது. முப்பத்தெட்டுப் பேர் சைக்கிளில் கிளம்பினார்கள். முப்பத்தேழு பேரை என் கண்ணால் பார்த்துக் கொடியைக் காட்டி வலது பக்கம் திருப்பி விட்டேன், தாளில் ஒவ்வொரு நம்பருக்கும் டிக் போட்டேன். இருபத்தேழுக்கும் டிக் போட்டிருக்கிறேன். மற்ற டிக் எல்லாம் பார்த்துப் போட்டது. அது மட்டும் சத்தத்தைக் கேட்டுப் போட்டது. சங்கிலிச் சக்கரம் டிக் டிக் டிக்கென்று வந்தது, நின்றது, மறுபடியும் டிக் டிக்கென்று போனது. சத்தம் தாண்டிப் போனது நிஜம்தானே. தாண்டிருச்சுங்க என்றுதானே சொன்னேன், பார்த்தேன் என்று சொல்லவில்லையே.

எந்தப் பக்கம் போனது என்று அந்தத் தம்பி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. வழியில் ஆளை நிறுத்தி வைத்திருக்கும்போது எந்தப் பக்கம் என்று எதற்குக் கேட்கப் போகிறார்கள். ஆள் நிற்கவில்லை, அதுதான் சங்கதி. ஐந்து நிமிஷம், ஐந்து நிமிஷத்துக்கும் குறைவு, ஆள் இங்கே நிற்கவில்லை. உண்ணிச்செடிக்குப் பின்னால் இருந்தேன். பதினோரு வருஷமாக இந்த வாய்க்காலில் தற்காலிக லஸ்கராக இருக்கிறேன், மதகு ஷட்டர் ஏற்றுவது இறக்குவது, கரையில் புதர் வெட்டுவது, அடைப்பு எடுப்பது, ஒரு நாள்கூட வேலை நேரத்தில் இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. அதற்கு ஒரு வழி உண்டு, காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் மத்தியானம் வரைக்கும் தண்ணீர் குடிக்கக் கூடாது. எங்களோடு வேலை செய்கிற பொம்பளைகள் அத்தனை பேரும் அப்படித்தான். உதடு வெடித்தாலும் குடிக்க மாட்டோம். இன்றைக்குக் குடித்துவிட்டேன். ஆறு மணிக்கு ஷட்டர் மேட்டில், போட்டி ஆரம்பிக்கிற இடத்தில், பெரிய பாத்திரத்தில் டீ வைத்திருந்தார்கள். கௌசிக் தம்பி தன் கையாலேயே ஊற்றி, "எடுத்துக்குங்க்கா" என்று கொடுத்தது. வாங்கிக் குடித்தேன். வேலைக்கு வந்த இடத்தில் எனக்கு ஒருத்தர் டீ ஊற்றிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அதனாலோ என்னவோ இரண்டாவது தடவை நீட்டியபோதும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எட்டு மணிக்கே அடிவயிறு கனக்க ஆரம்பித்துவிட்டது. முப்பத்தேழு பேர் போய்விட்டார்கள், இன்னும் ஒரே ஒரு ஆள், அந்த ஆள் போனதும் போய்க்கொள்ளலாம் என்று காலை மாற்றி மாற்றி நின்றேன். எட்டே கால். எட்டு இருபது. எட்டு இருபத்தைந்து. கடைசி ஆள் வரவில்லை. இனிமேல் முடியாது என்று ஆனபிறகுதான் போனேன். போய்க் குந்திய அடுத்த நிமிஷம் டிக் டிக்கென்று கேட்டது.

இருபத்தேழு யாரென்று எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் மோசம். யாரோ காலேஜ் பையன் என்றால் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவான் என்று விட்டுவிடலாம். காலையில் எல்லோரும் சின்னப் பசங்களாக, தொடையை ஒட்டிய கறுப்பு ட்ரவுசரும் பளபள ஹெல்மெட்டுமாக நிற்கையில், இந்தம்மா மட்டும் ஓரமாக, நம்பர் எழுதின துணியை முதுகில் குத்த முடியாமல் கையைப் பின்னால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் ஊக்கைக் குத்தி விட்டேன். "ரொம்ப தேங்க்ஸ்ங்க அக்கா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "நானுங்களா அக்கா? நீங்கதான் மூத்தவங்களா இருப்பீங்க." "நாப்பத்தேழு" என்றார். எனக்கு நாற்பத்து நாலு. திருப்பூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறாராம், பேர் சுகந்தி. சர்க்கரை வந்துவிட்டது, டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கச் சலிப்பாக இருந்தது, மகனுடைய சைக்கிள் சும்மா கிடந்தது, அதை எடுத்து ஓட்ட ஆரம்பித்து இரண்டு வருஷத்தில் இங்கே வந்து நிற்கிறாராம். "ஜெயிக்கறதுக்கெல்லாம் இல்லீங்க, கடைசியா வந்தாலும் போதும், முடிச்சுட்டேன்னு இருக்கோணும்" என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "போற வழியில தண்ணி இருக்குதுங்களா? எனக்கு நீச்சல் வராது" என்று கேட்டார். நான்தான் சொன்னேன். "தண்ணி ஓரமா அஞ்சு கிலோமீட்டர் போவீங்க, தடம் அகலமா இருக்கும். அப்புறம் ஒரு பிரிவு வரும், அங்க நான் நிப்பேன், உங்களக் காட்டுக்குள்ள திருப்பி உட்ருவேன், வாய்க்கால் அந்தப் பக்கம் போயிரும், பயப்படாதீங்க." அங்க நான் நிப்பேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

சரி, தேக்கங்காட்டில்தான் இருப்பார். அங்கே தடம் லேசானதா என்ன. போன வருஷம் இந்தப் பசங்கள் கோயமுத்தூரிலிருந்து வந்து, பழைய வண்டித்தடம், மாடு போகிற ஒற்றையடி, யானை இறங்கின சரிவு எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு ஒரு பாதையாகக் கோத்தபோது நானும் கூட நடந்தேன். வேர் புடைத்துக் கிடக்கிற இடத்தைப் பார்த்து அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம், உருட்டுக் கல் சரிவைப் பார்த்துக் கை தட்டினார்கள். நல்ல ரோடு இருக்க இந்தக் கல்லிலும் வேரிலும் சைக்கிளை ஏற்றி விழுந்து எழுவதற்கு என்ன பிடித்திருக்கிறது இவர்களுக்கு என்று நினைத்தேன். அங்கே விழுந்தால் முட்டி பெயரும், தோள் இறங்கும், ஆள் கிடைத்துவிடும். காட்டில் ஆள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். தண்ணீரில் அப்படிக் கிடக்காது. எதற்கு இப்போது தண்ணீரை நினைக்கிறேன். பாதையைப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. வலது பக்கம் புழுதி முழுக்க டயர்த் தடம், கொத்துக் கொத்தாக, ஒன்றன் மேல் ஒன்று, அதில் இருபத்தேழு எது என்று யாரால் சொல்ல முடியும். அம்பு போட்ட பலகை மரத்தில் கட்டினபடியே இருக்கிறது, திரும்பவில்லை, சாயவில்லை. பலகையைப் பார்த்தே வலது பக்கம் போயிருப்பார், படித்தவர்தானே. இடது பக்கம் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. பார்த்தேன். ஈர மண்ணில் ஒரே ஒரு தடம், கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர், அகலமாக, இன்னும் ஓரம் உதிராமல் போகிறது. போன தடம் மட்டும்தான் இருக்கிறது, திரும்பி வந்த தடம் இல்லை.

நடக்கிறேன். நடக்க ஆரம்பித்தது எப்போது என்று தெரியவில்லை, கொடி இன்னும் கையில் இருக்கிறது. பொத்தானை அழுத்திச் சொல்லிவிடவேண்டியதுதானே. என்னவென்று சொல்வது. தம்பி, நான் முன்னே சொன்னது தப்பு, அந்தம்மா இடது பக்கம் போயிருக்கிறார். எப்படிங்க்கா போனாங்க, நீங்க நின்னீங்கல்ல. அந்த டப்பாவில் ஒருத்தர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். டவரில் நிற்கிற பசங்களுக்குக் கேட்கும், ஷட்டர் மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற எங்கள் இன்ஜினியர் ஏ.இ. சாருக்குக் கேட்கும். என் வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதின ஃபைல் மூன்றாவது தடவையாக மேலே போயிருக்கிறது. "பெரிய ஆபீசருங்க எல்லாம் பரிசு குடுக்க வர்றாங்க, கலாமணி, உன்ற பேர நான்தான் சொல்லியிருக்கறேன், ஒழுங்கா நில்லு" என்று நேற்று சாயந்திரம் சார் சொன்னார். நின்றேன். முப்பத்தேழு பேருக்கு நின்றேன். அந்தக் கிலோமீட்டர் கல் வரைக்கும் போய்ப் பார்க்கலாம், அங்கேயும் தடம் இருந்தால் சொல்லிவிடலாம். வெறும் தடத்தை வைத்துக்கொண்டு எல்லோரையும் பதற வைப்பானேன். கரை மொட்டையாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, ஒரு பக்கம் தண்ணீர், ஒதுங்க ஒரு செடி கிடையாது, போன வாரம்தான் ஆறு பொம்பளைகள் சேர்ந்து மொத்தப் புதரையும் வெட்டி எரித்தோம். தண்ணீர் முக்கால் வாய்க்காலுக்குப் போகிறது. காலையில்தான் ஷட்டரை இன்னும் அரை அடி தூக்கினோம். சத்தமே இல்லாமல் போகும் இது, அதுதான் பயம். ஆற்றில் தண்ணீர் கல்லில் மோதி இரைந்துகொண்டு போகும், இது சிமெண்ட் மேல் வழுக்கிக்கொண்டு போகும், நின்ற மாதிரி இருக்கும், ஒரு சருகைப் போட்டுப் பார்த்தால்தான் அந்த வேகம் தெரியும். இரண்டு பக்கச் சரிவிலும் பாசி. ஆடு விழுந்தால் ஏற முடியாது. மான் விழுந்தாலும் ஏற முடியாது. விழுந்தது எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேரும், சுரங்க வாயில் இருக்கிற கம்பித் தடுப்புக்கு. கிலோமீட்டர் கல் வந்துவிட்டது. தடம் இருக்கிறது. அடுத்த வளைவு வரைக்கும் போய்ப் பார்த்துவிடலாம்.

கம்பித் தடுப்பில் அடைப்பு எடுப்பது எங்கள் வேலைதான். நீளக் கொக்கியால் இழுத்துப் போடுவோம், தென்னை மட்டை, பிளாஸ்டிக் குடம், பொம்மை, செத்த கோழி, ஒரு தடவை அலங்கரித்த கல்யாண வாழை மரம் குலையோடு வந்து மாட்டியிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆள். மேலே எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். கரையில் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்து, பக்கத்தில் சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆம்பளை லஸ்கர்கள் கயிற்றைப் போட்டு இழுத்தபோது ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன், ஆனால் கயிறு கனத்தது கைக்குத் தெரிந்தது, இத்தனை நாள் ஆகியும் வாளியில் தண்ணீர் சேந்தினால் பாதி வரும்போது சில நேரம் அந்தக் கனம் வந்துவிடும், வாளியை அப்படியே விட்டுவிடுவேன். "உனக்கு என்ன புள்ள ஆச்சு" என்று வீட்டுக்காரர் கேட்பார், "கை வழுக்கிருச்சுங்க" என்பேன். அதுவும் பொய்தான். எனக்குப் பொய் லேசாக வருகிறது போலிருக்கிறது. சத்தத்தைக் கேட்டேன் என்றேன் அல்லவா, சங்கிலிச் சத்தம். அது மட்டுமா கேட்டது. நின்றது என்று சொன்னேனே, டிக் டிக்கென்று வந்து நின்றதே, நின்று என்ன ஆனது, எதற்காக நின்றது, அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு ஒரு தவ்வு தவ்வி அந்தப் பக்கம் போய்விடுகிறது, மறுபடியும் டிக் டிக்கென்று போனது என்பதில் போய் நிற்கிறது. நடுவில் ஒன்று இருக்கிறது. சைக்கிள் நின்றது. "அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. சத்தமாக இல்லை, கூச்சத்தோடு கூப்பிடுகிற மாதிரி. "அக்கா, இருக்கீங்களா?" இரண்டு தடவை. கேட்டேன், நன்றாகவே கேட்டேன். சேலையைத் தூக்கிக் குந்தியிருக்கிறவள் எப்படிப் பதில் சொல்வது. செடிக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தால் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்துவிடாதா. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். போகட்டும், அம்பு இருக்கிறது, பார்த்துப் போய்க்கொள்வார் என்று இருந்தேன். கூப்பிட்டவள் ஒரு பொம்பளை, என் வயசு, அவளுக்குத் தெரிந்தால்தான் என்ன. இப்போது கேட்கத் தெரிகிறது.

வளைவும் வந்துவிட்டது. தடம் போய்க்கொண்டே இருக்கிறது. இனி இந்த வளைவு அந்தக் கல் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பொத்தானை அழுத்தினேன். கட்டைவிரல் அழுத்திவிட்டது, வாய் திறக்க நேரமானது, அந்த நேரம் பூராவும் என் மூச்சு எல்லோருக்கும் கேட்டிருக்கும். "கௌசிக் தம்பி." "சொல்லுங்க்கா." "நான் சொன்னது பொய்யிங்க. இருபத்தேழ நான் பாக்கல. அந்நேரத்துக்கு நான் அங்க இல்ல. அந்தம்மா எடது பக்கம், சொரங்கத்துப் பக்கம் வந்திருக்கறாங்க, தடம் இருக்குது. அவங்களுக்கு நீச்சல் தெரியாது. திம்மையண்ணங்கிட்டச் சொல்லி ஷட்டர எறக்கச் சொல்லுங்க, மொத்தமா எறக்கச் சொல்லுங்க." கரகரப்பு மட்டும். அப்புறம் ஏ.இ. சார் குரல், தூரத்தில், "யாரு அது, கலாமணியா? ஷட்டர யாரக் கேட்டு எறக்கறது?" கௌசிக் தம்பி அவருக்கு ஏதோ சொல்கிறது. திம்மையண்ணன் ஷட்டர்காரர், இருபத்தைந்து வருஷ சர்வீஸ், உத்தரவு இல்லாமல் சக்கரத்தைத் தொடமாட்டார். "எறக்கச் சொல்லுங்க சார், அப்புறம் என்னையக் கேளுங்க" என்றேன். சாரிடம் நான் அப்படிப் பேசினதில்லை. டப்பாவை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன், ஓடும்போதுதான் கொடியைக் கீழே போட்டேன். நூறு அடி ஓடியிருப்பேன், சைக்கிளைப் பார்த்துவிட்டேன்.

சைக்கிள் விழுந்து கிடக்கவில்லை. பாறையோரமாக நேராகச் சாய்த்து நிறுத்தியிருந்தது. ஹேண்டில்பாரில் ஹெல்மெட்டை மாட்டி, அதற்குள் கையுறை இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி வைத்திருந்தது. இடுப்பில் கட்டுகிற சின்னப் பை சீட்டின் மேல். தவறி விழுந்தவள் சைக்கிள் இப்படி நிற்காது. ஜோடிச் செருப்பு. மடித்து வைத்த சட்டை. ஐயோ, இந்தம்மா வந்ததே இதற்குத்தானா, முடிச்சுட்டேன்னு இருக்கோணும் என்றாரே, எதை முடிக்க. தண்ணி இருக்குதுங்களா என்று கேட்டதை நான் பயம் என்றல்லவா நினைத்தேன். இல்லை, அந்த முகம் அப்படி இல்லை, ஊக்கு குத்தும்போது கழுத்தைக் கூச்சத்தோடு நெளித்துச் சிரித்தார், சாகப் போகிறவள் அப்படிச் சிரிப்பாளா. சிரிக்கலாம். எஸ்டேட்காரரும் முந்தின நாள் சாயந்திரம் கடையில் எல்லோரோடும் சிரித்துப் பேசினார் என்றுதான் சொன்னார்கள். சைக்கிளுக்கு நேர் கீழே, சிமெண்ட் சரிவில் பாசி ஒரு முழ அகலத்துக்கு வழித்தெடுத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் விளிம்பு வரைக்கும். அந்த இடத்தில் தண்ணீர் மற்ற இடத்தைப் போலவேதான் போய்க்கொண்டிருந்தது. சுரங்க வாய்க்கு இன்னும் நானூறு மீட்டர். ஓடினேன் என்று சொல்ல முடியாது, கால் ஓடியது. நான் பின்னாலேயே நின்று, போகாதே, கண்ணை மூடிக்கொள், கயிறு கனக்கும், போகாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சுரங்க வாய் பாறைக்கு நடுவில் கறுப்பாகத் தெரிந்தது. கம்பித் தடுப்பில் ஒரு பக்கம் தென்னை மட்டையும் நுரையும் குப்பையும். அதற்கு நடுவில் மஞ்சளாக ஒரு துணி. துணியில் இரண்டும் ஏழும்.

தலை வெளியே இருந்தது. தலை தண்ணீருக்கு வெளியே இருந்தது, அதை நான் நம்புவதற்கு முன்னால் அந்தத் தலை திரும்பியது. ஒரு கையை முழங்கை வரைக்கும் கம்பிக்குள் விட்டு மடக்கிக் கொடுத்திருந்தார், தண்ணீர் முதுகில் ஏறி அடித்து அவரைக் கம்பியோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தது, மோவாய் வரைக்கும் வந்து வந்து போனது. தடுப்புக்கு மேலே குறுகலாக ஒரு சிமெண்ட் பாலம், அடைப்பு எடுக்க நாங்கள் நிற்கிற இடம். அதில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினால் அவருடைய இன்னொரு கை எட்டியது. பிடித்தேன். ஜில்லென்று, ஊறிப்போய், கனமாக இருந்தது. முந்தானையை உருவி அந்த மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி, முனையை என் கையில் முறுக்கிக்கொண்டேன். இழுத்துத் தூக்க முடியாது, அது எனக்கும் தெரிந்தது அவருக்கும் தெரிந்தது. "ஷட்டர எறக்கச் சொல்லியிருக்குதுங்க, தண்ணி கொறைஞ்சுரும், கைய மட்டும் எடுத்தராதீங்க." தலையை அசைத்தார். இடுப்பில் டப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. "கலாக்கா, என்னாச்சு? பாத்தீங்களா? இருக்காங்களா? பதில் சொல்லுங்க்கா." பதில் சொல்ல எனக்குக் கை இல்லை. ஷட்டர் இறங்கியதா இல்லையா என்று அவர்கள் சொல்லவில்லை, கேட்கவும் என்னால் முடியவில்லை. இறக்கியிருந்தாலும் ஏழு கிலோமீட்டர், தண்ணீர் குறைவது இங்கே வந்து தெரிய அரை மணிக்கு மேல் ஆகும். கம்பியில் ஒரு துருக்கோடு, தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

"நான் கூப்பிட்டேனுங்க" என்றார். பல் அடித்துக்கொண்டதில் பாதிதான் கேட்டது, கேட்டது போதும். "கேட்டுது." "ரெண்டு தடவ." "ரெண்டு தடவையும் கேட்டுதுங்க. செடிக்குப் பின்னால இருந்தேன்." வாயில் தண்ணீர் ஏறியது, துப்பினார், மூச்சு வாங்கினார். "எதுக்கு?" சொல்லத்தான் வேண்டும். சாகக் கிடக்கிற ஆளிடம்கூடச் சொல்ல எனக்கு நாக்கு புரள இவ்வளவு நேரமாகிறது. "ஒன்னுக்குப் போயிருந்தேனுங்க." அவர் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியவில்லை, தண்ணீர் இரண்டு மூன்று தடவை வந்து மோவாயைத் தொட்டுப் போனது. அவர் முகம் கோணியது, அழுகையா என்று பார்த்தேன், அழுகை இல்லை. "அதுக்கு எடம் எங்கன்னு கேக்கத்தாங்க கூப்பிட்டேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. "சக்கரைக்காரிங்க, அடக்க முடியாது. வழியெல்லாம் பசங்க. ரைட்டுலதான் போகோணும்னு தெரியும், அம்பு இருந்துச்சு. மேல போனா அங்கயும் பசங்க நிப்பாங்க. இந்தப் பக்கம் ஆளில்லன்னு வந்தேன். மறைவே இல்லீங்க. ஒரு செடி இல்ல. போய்ட்டே இருந்தேன். முடியல. கரைக்குக் கீழ எறங்கி உக்காந்தா யாருக்கும் தெரியாதுன்னு." அவ்வளவுதான் சொன்னார். அந்தச் செடிகளை வெட்டின கையால்தான் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தோள் கழன்றுவிடும் போல வலித்தது, சிமெண்ட் விளிம்பு மார்பில் அறுத்தது. அந்த வலிக்கு நடுவில் மனசு எங்கேயும் ஓடவில்லை, பின்னாலும் போகவில்லை, முன்னாலும் போகவில்லை, துருக்கோட்டில் நின்றது. அப்புறம் ஒரு நேரத்தில் துருக்கோட்டுக்குக் கீழே விரலளவு ஈரக் கம்பி தெரிந்தது. "கொறையுதுங்க" என்றேன். "பொய் சொல்லாதீங்க" என்றார். "இல்லீங்க, நெசமாத்தான்."

மோட்டார் சைக்கிள் மூன்று வந்தன, ஒன்றின் பின்னால் ஏ.இ. சார் உட்கார்ந்திருந்தார். கௌசிக் தம்பியும் இன்னும் மூன்று பேரும் கயிற்றைப் போட்டு அவரைத் தூக்கினார்கள், கம்பிக்குள் மடங்கியிருந்த கை நீளவே இல்லை, நான்தான் முழங்கையைத் தேய்த்துத் தேய்த்து நீட்டினேன். போர்வையைப் போட்டுப் பாறையோரம் உட்கார வைத்து, பாதை பிரிகிற இடம் வரைக்கும் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றார்கள். ஏ.இ. சார் பாக்கெட் டைரியை எடுத்துப் பேனாவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "ஷட்டர நான்தான் எறக்கச் சொன்னேன், அத உடு. மேல கேப்பாங்க. நீ எடத்த உட்டுப் போனியா?" "போனேனுங்க சார்." "எதுக்கு?" சுற்றிலும் ஆறு ஆம்பளைகள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, முந்தானை இன்னும் சுகந்தியம்மா மணிக்கட்டிலிருந்து முழுதாக அவிழவில்லை. "ஒன்னுக்குப் போகங்க சார்." ஒருத்தர் தண்ணீரைப் பார்த்தார், இன்னொருத்தர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். கௌசிக் தம்பி காது வரைக்கும் சிவந்துபோய், "சார், அதெல்லாம் வேண்டாம் சார், எங்க அம்பு பலக சரியாத் தெரியலன்னு எழுதிக்கலாம். எங்க தப்புன்னே இருக்கட்டும்" என்றது. நல்ல பையன். சார் பேனாவை எழுதாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆமா, இத எப்படி எழுதறது, ரிப்போர்ட்ல போய். ஒடம்பு சரியில்லாம கொஞ்சம் ஒக்காந்துட்டேன்னு சொல்லு. நாளைக்கு ஆபீசுக்கு வா, பேசிக்கலாம்." நாளைக்கு ஆபீசுக்கு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். போன தடவை ஒருத்தியை அப்படிக் கூப்பிட்டுத்தான் வேலையை விட்டு நிறுத்தினார்கள். உடம்பு சரியில்லை என்றால் ஒருவேளை விட்டுவிடுவார்கள். நல்ல வார்த்தை, எல்லோருக்கும் சௌகரியமான வார்த்தை, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "ஒடம்புக்கு ஒன்னும் இல்லீங்க சார்" என்றேன். "ஒன்னுக்குப் போனேன்னே எழுதுங்க. அங்க அதுக்கு எடமில்லன்னும் எழுதுங்க." சார் எழுதவில்லை. போர்வைக்குள்ளிருந்து சுகந்தியம்மா ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை, கௌசிக் தம்பி குனிந்து, "என்னங்க மேடம், தண்ணி வேணுமா?" என்று கேட்டது. அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பல் அடிப்பது நிற்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்துக்கொண்டு, ஏ.இ. சாரை நேராகப் பார்த்து, "எனக்கும் அதேதாங்க. எழுதிக்குங்க" என்றார்.